ஆபரேஷன் காலையில் அல்வாவா?

காலை 9 மணிக்கு ஆபரேஷன். விடியற்காலையில், "வெறும் வயித்தோட போகாதம்மா, ஒரு வாய் அல்வா தின்னுட்டுப் போ" என்பார் நெல்லை அத்தை. பாசம்தான், ஆனால் ஆபத்து!

இரைப்பையின் மேல்வாயில் வால்வு போல ஒரு தசை உண்டு. மயக்கம் கொடுக்குமுன் போடும் அட்ரோபின், மார்ஃபின் போன்ற ஊசிகள் அதைத் தளர்த்திவிடும். மயக்கத்தில் இருமவும் முடியாது. மேலேறும் அமிலம் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே மோசம். பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் இதைக் கண்டு 1946-ல் எழுதினார் நியூயார்க் டாக்டர் மெண்டல்சன்.

மெட்டோகுளோப்ரமைடு அந்தத் தசையை இறுக்கும். ஃபமோட்டிடின் அமிலத்தைக் குறைக்கும். ஆனாலும் வெறும் வயிற்றுக்கு ஈடில்லை. பொதுவாக நெய்ப் பண்டத்துக்கு 8 மணி நேரம், இட்லிக்கு 6, தண்ணீருக்கு 2 இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

தெரியாமல் சாப்பிட்டுட்டீங்களா? மறைக்காம சொல்லிடுங்க. ஆபரேஷன் தள்ளிப் போகட்டும், உயிர் முக்கியம்!