வழியில் நின்ற கல்

நடுச்சாமத்தில் நாரியில் ஒரு பிடி பிடிக்கும். அங்கிருந்து விலாவோரமாக அடிவயிற்றுக்கு இறங்கும். படுத்தாலும் நோவு, எழுந்து நடந்தாலும் நோவு. வாந்தியும் வரும். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலுக்குப் போய்வருவோர், துறைமுகத்தில் வெயிலில் நின்று வேலை செய்வோர் என்று பலர் இதை அனுபவித்திருப்பார்கள். "வாய்வுதான்" என்று இஞ்சி அவித்துக் கொடுத்து, விடியட்டும் என்று வீட்டார் காத்திருப்பார்கள். பல வேளைகளில் அது வாய்வல்ல. சிறுநீர் போகும் வழியில் சிக்கிக்கொண்ட ஒரு கல்.

தேநீரில் சீனி கூடினால் கோப்பையின் அடியில் தங்கிவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். வியர்வையாக நீர் வெளியேறி, நாம் குடிக்கும் நீரும் குறைந்தால் சிறுநீர் தடிக்கிறது. அதில் கரைந்திருக்கும் கல்சியம், ஒட்சலேற்று, யூரிக் அமிலம் போன்றவை படிகமாகிக் கல்லாக வளர்கின்றன. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க்கான் ஏறத்தாழ 25 சென்றிமீற்றர் நீளமானது. அதன் உள்வழியோ 3, 4 மில்லிமீற்றர்தான். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். பெரிய கல் வழியை அடைத்தால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். அத்துடன் குளிரும் காய்ச்சலும் வந்தால் அது உயிராபத்து. ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. நோவு நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்றும் நம்பிவிடக் கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

கல்லை எடுக்கும் கலை மிகப் பழையது. நம் பிராந்தியத்தில் சுஸ்ருதரின் நூல் அதைப் பேசுகிறது. ஸ்பெயினின் குர்துபா நகரை அடுத்து 936 அளவில் பிறந்த அல்-ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட நூலின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். சிறுநீர்வழியில் சிக்கிய கல் பின்னுக்கு நழுவாதபடி நூலால் கட்டி, மெல்லிய துளைகருவியால் அதைத் துளைத்துச் சிதைக்கும் முறையை அதில் விளக்கினார். பெண்களுக்குக் கல் வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனி அத்தியாயமே எழுதினார். நாணத்தால் பெண்கள் ஆண் வைத்தியரிடம் தம்மைக் காட்டத் தயங்குவார்கள். தேர்ந்த பெண் வைத்தியரோ கிடைப்பது அரிது. ஆகவே திறமையான ஒரு பெண்ணை அழைத்து, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து அவர் கையாலேயே செய்விக்க வேண்டும் என்பது அவரது அறிவுரை.

இன்று பெரும்பாலான கற்களுக்குப் பெரிய வெட்டே தேவையில்லை. முதலாவது முறை அதிர்வலைச் சிகிச்சை. 1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செய்யப்பட்டது. உடலுக்கு வெளியிலிருந்து அனுப்பப்படும் அலைகள் கல்லை மணலாக உடைக்கும். மணல் சிறுநீரோடு போகும். கர்ப்பிணிகளுக்கு இது செய்யப்படுவதில்லை. இரண்டாவது, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாய்க் கமராவைச் செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்குவது. சிறுநீர்க்கானில் நின்ற கல்லுக்கு இது மிகவும் பொருத்தமானது. மூன்றாவது, 2 சென்றிமீற்றருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கற்களுக்கு, முதுகுப்புறத்தில் விரலளவு துளையிட்டு உடைத்து எடுப்பது.

சிகிச்சைக்குப் பின் சிலருக்கு உள்ளே மெல்லிய 'ஸ்டென்ட்' குழாய் வைத்து அனுப்புவார்கள். குறித்த நாளில் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். சுகமாகிவிட்டதே என்று கிளினிக்குக்குப் போகாமல் விட்டால் அந்தக் குழாயிலேயே புதிய கல் படியும்.

வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை இன்று அரிது. ஆனால் அதற்கும் தேவை வரும். 2023 ஜூன் 1ஆம் திகதி கொழும்பு இராணுவ வைத்தியசாலையில் ஒருவரின் சிறுநீரகத்திலிருந்து 13.372 சென்றிமீற்றர் நீளமும் 801 கிராம் எடையும் கொண்ட கல் அகற்றப்பட்டது. நீளத்திலும் எடையிலும் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. ஒரு சிறுநீரகத்தின் எடையே ஏறத்தாழ 150 கிராம்தான் என்றால், மனித உடலுக்குள் ஒரு கல் எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்!

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் அவித்த நீரும் குடிப்பவர்கள் நம்மில் பலர். உடலுக்கு நீர் சேர்வது நல்லதே. ஆனால் அடைத்து நின்ற பெரிய கல்லை அவை உடைத்துவிடும் என்று நம்பி நாட்களைக் கடத்துவது சிறுநீரகத்தையே இழக்கச் செய்யலாம்.

மாணவிகளிடம் ஒரு வார்த்தை. பாடசாலையில் மலசலகூடத்துக்குப் போக விருப்பமில்லாமல், காலையிலிருந்து ஒரு மிடறு நீரும் குடிக்காமல் இருப்போர் நம்மில் எத்தனை பேர்? நீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் கிருமித் தொற்றுக்கும் கல்லுக்கும் வழி திறக்கும். சிறுநீர் வெளிறிய நிறமாகும் அளவுக்கு நீர் குடியுங்கள். உப்பைக் குறையுங்கள், தேசிக்காய்ச் சாறு நல்லது. பாலைக் குறைக்கத் தேவையில்லை. நோன்பு காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் நீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். பெற்றோரே, மகள் அடிவயிற்று நோவு என்று சொன்னால் "மாதநோவுதான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். சொல்ல வெட்கப்படும் பிள்ளைக்குக் கேட்கும் உம்மா வேண்டும்.

தேர்ந்த பெண் வைத்தியர் கிடைப்பது அரிது என்று அல்-ஸஹ்ராவி எழுதி ஆயிரம் வருடங்கள் கடந்துவிட்டன. சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சையில் இன்றும் பெண்கள் குறைவுதான். இந்த இதழை வாசிக்கும் உயிரியல் பிரிவு மாணவி ஒருத்தி அந்த இடத்தை நிரப்பினால், வெட்கத்தால் நோவை மறைக்கும் எத்தனையோ உம்மாமாரின் வாய் திறக்கும்.