டைபாய்டு: முதலில் ரத்தம், பிறகு மருந்து

ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்து வருகிறது கிருமி. அதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனையோ கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

மூன்று நாள் காய்ச்சல். தெருமுனை மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலேயே ஒரு அட்டை அசித்ரோமைசின் கிடைக்கிறது. காய்ச்சல் விடாதபோதுதான் டாக்டரிடம் ஓட்டம். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவதற்குள் கிருமி அரை மயக்கத்தில் பதுங்கிவிடுகிறது. பாட்னாவோ பெங்களூரோ, டைபாய்டின் பழகிப்போன கதை இது.

அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் குடலுக்குள் நுழைந்து ரத்தத்தில் கலக்கும் சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியாதான் வில்லன். மருந்தே இல்லாத காலத்தில் நோயாளிகளில் பத்துக்கு ஒருவராவது பலியானார். 1948ல் குளோராம்பெனிகால் அந்தப் பயத்தைப் போக்கியது. ஆனால் 1972ல் அந்த மருந்துக்கு மசியாத டைபாய்டு கோழிக்கோட்டில் தலைகாட்டியது. அதே ஆண்டு மெக்சிகோவிலும் பெரும் அளவில் பரவியது.

1990 வாக்கில் இந்தியாவில் ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் மாத்திரைகளும் சேர்ந்து தோற்றன. காரணம், பிளாஸ்மிட் எனப்படும் குட்டி மரபணு வளையம். பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே மூட்டையாகக் கட்டி, கிருமிக்குக் கிருமி கைமாற்றிவிடுகிறது அது. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்சசினின் ஆட்டமும் அதிக நாள் நீடிக்கவில்லை. கிருமி தன் சொந்த மரபணுவையே லேசாக மாற்றிக்கொண்டது.

செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும் களமிறங்கின. 2016ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பரவத் தொடங்கிய ரகம், பழைய மருந்துகளோடு சிப்ரோவையும் செஃப்ட்ரியாக்சோனையும் சேர்த்து உதறித் தள்ளியது. விழுங்கும் மருந்தாக அங்கே மிஞ்சியது அசித்ரோமைசின்தான். நம் ஊரில் சாதாரண சளிக்கும் அள்ளித் தரப்படும் அதே மாத்திரை.

எந்த மருந்து வேலை செய்யும் என்பதைச் சொல்லக்கூடியது பிளட் கல்ச்சர். டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் சில சமயம் ஒரு கிருமிகூட இருக்காது. அதனால்தான் பெரியவர்களிடம் பத்து மில்லி வரை எடுக்கிறார்கள். சத்துக் கரைசல் உள்ள புட்டியில், 37 டிகிரி வெப்பத்தில் கிருமி பெருகுகிறது. பிறகு அதைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருந்தால் மருந்து ஜெயித்தது என்று அர்த்தம். வில்லை வரை கிருமி வளர்ந்திருந்தால் அந்த மருந்து வீண். எல்லாம் முடிய மூன்று, நான்கு நாட்கள் ஆகலாம்.

அவசரக்காரர்களுக்கு இருக்கிறது வைடால் டெஸ்ட். 1896ல் பிறந்த இந்தச் சோதனை தேடுவது கிருமியை அல்ல, உடலில் உருவான எதிர்ப்புப் பொருளை. முன்பு எப்போதோ வந்துபோன தொற்றுகூட அதில் 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். மருந்து பற்றியோ அது வாய் திறப்பதில்லை. கல்ச்சரும் குறையற்றதல்ல. பத்து நோயாளிகளில் சுமார் ஆறு பேரிடம்தான் கிருமி சிக்கும். முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அந்த வாய்ப்பும் குறைகிறது.

இதில் ஒரு வேடிக்கை: கைவிடப்பட்ட குளோராம்பெனிகாலுக்கும் கோ-டிரைமாக்சசோலுக்கும் இந்திய டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை இன்று மீண்டும் பணிகின்றன. ஆனால் ஒரு நோயாளியிடம் அது பலிக்குமா என்பதை கல்ச்சர்தான் சொல்ல முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட மருந்துகளை டாக்டர் சீட்டின் பேரில் மட்டும் விற்று, பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்ற எச்-1 விதி 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் தடுப்பூசியை ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். நவி மும்பை மாநகராட்சி 2018ல் அதைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. ஆனாலும் சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் கலக்கும் வரை கிருமிக்குக் கவலையில்லை.

கல்ச்சர் என்றால் முடிவு வரும் வரை காய்ச்சலோடு கிடக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. ரத்தம் எடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கலாம், முடிவு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். வரிசை தலைகீழானால்தான் சிக்கல்.