மகாராணிகளும் முதலாளிகளும் - 17: ஏழு என்றால் ஏழுதான்

நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட், 'கான் வித் த விண்ட்' படத்தில் அவர் நடித்த மெலனி, அந்த வேடத்துக்காக ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னரின் மனைவியைப் பார்த்து டீ குடித்துக் காரியம் சாதித்தது எல்லாம் போன வாரமே முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும்.

இந்த வாரம் ஒலிவியாவின் இரண்டு ஆஸ்கர்களையும் தங்கையோடு நடந்த சண்டையையும் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஆஸ்கர் வந்துவிடும். தங்கை சந்தேகம்தான். காரணம், கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944 டிசம்பரில் கொடுத்த ஒரு தீர்ப்பு. அதைப் படிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இது சினிமாத் தொடரா, சட்டத் தொடரா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். பதினாறு வாரம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? அந்தக்கால ஹாலிவுட்டில் படத்தில் இருந்ததைவிட ஒப்பந்தத்தில்தான் திருப்பங்கள் அதிகம். நடிகையின் வாழ்க்கையை அவர் நடித்த படங்களின் பட்டியலை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. எங்கே கையெழுத்துப் போட்டார், யாருக்குப் போட்டார் என்று பார்க்க வேண்டும்.

ஒலிவியா போட்ட கையெழுத்தைப் பார்ப்போம். வார்னர் ஸ்டூடியோவில் அவர் முதலில் சேர்ந்தது 1934-இல், 18 வயதில், வாரம் 200 டாலர் சம்பளத்துக்கு. இரண்டு வருடத்தில் எரால் ஃபிளினுடன் நடித்த 'கேப்டன் பிளட்' ஓடு ஓடென்று ஓடியதும் புது ஒப்பந்தம் போட்டார்கள். 1936 மே 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது. முதலில் 52 வாரம். அதன்பிறகு 52, 52 வாரமாக ஆறு தடவை நீட்டிக்கலாம். நீட்டிப்பது யார் விருப்பம்? ஸ்டூடியோவின் விருப்பம். நடிகை வேண்டாமென்றால் வருடக் கடைசியில் கழற்றிவிட அவர்களால் முடியும். ஸ்டூடியோ வேண்டாமென்றால் கழன்றுகொள்ள நடிகையால் முடியாது. ஆகமொத்தம் ஏழு வருடம்.

ஏழு வருடத்தோடு முடிந்திருந்தால் வழக்கே வந்திருக்காது. உள்ளே 'சஸ்பென்ஷன்' என்றொரு ஷரத்து இருந்தது. கொடுத்த வேடத்தை நடிகை வேண்டாமென்றால் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள். வேறு கம்பெனியில் நடிக்கவும் கூடாது. அந்த வேடத்தில் வேறொருத்தியைப் போட்டுப் படம் முடியும் வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதுகூடப் பரவாயில்லை. அப்படி உட்கார்ந்த வாரங்களை எல்லாம் எண்ணி எடுத்துவைத்து, ஏழு வருடத்தின் வாலில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். நம் ஊர் அரசு ஊழியர் ஒருவர் எடுத்த சம்பளமில்லா விடுப்பை எல்லாம் கூட்டி அவர் ஓய்வுபெறும் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் எப்படியிருக்கும்? அதுதான். அடம்பிடிக்கிற நடிகைக்கு ஏழு வருடம் என்பது எட்டாகும், ஒன்பதாகும். கடைசியில் அழகும் மார்க்கெட்டும் போனபிறகு விடுதலைச் சீட்டு கிடைக்கும்.

ஒலிவியா அடம்பிடித்தார். மெலனிக்குப் பிறகு பிடிக்காமல் எப்படி இருப்பார்? ஃபிளினோடு எட்டுப் படம் நடித்தாயிற்று. அதில் அநேகமாக எல்லாவற்றிலும் அவர் வேலை, கதாநாயகன் வாளோடு திரும்பி வரும்வரை ஜன்னல் பக்கம் நின்று கவலைப்படுவது. 'ராபின் ஹூட்' எனக்குப் பிடித்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் அவர் நடித்த மரியனின் உடைகள் நினைவிருக்கும் அளவுக்கு மரியன் பேசியது நினைவில்லை.

இங்கே போன வாரம் இடமில்லாமல் விட்ட ஒரு சங்கதி. 1934-இல் ஆஸ்திரிய நாடக மேதை மாக்ஸ் ரெயின்ஹார்ட் ஹாலிவுட் பௌலில் ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தைப் பிரமாண்டமாகப் போட்டார். ஹெர்மியா வேடத்தில் குளோரியா ஸ்டூவர்ட். மாற்று நடிகைக்கும் மாற்றாக வரிசையில் கடைசியில் நின்றவர் ஒலிவியா. குளோரியாவைத் திடீரென்று படப்பிடிப்புக்கு அழைத்துவிட்டார்கள். வாய்ப்பு கைமாறிக் கைமாறி ஒலிவியாவிடம் வந்தது. அந்த நாடகம்தான் அவரை வார்னரில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சரி, அந்தக் குளோரியா என்ன ஆனார்? 63 வருடம் கழித்து 'டைட்டானிக்' படத்தில் வயதான ரோஸாக வந்து நீல வைரத்தைக் கடலில் போட்டாரே, அவரேதான்!

விஷயத்துக்கு வருவோம். 1943 மே மாதம் ஏழு வருடம் முடிந்தது. ஒலிவியா மூட்டை கட்டப் பார்த்தார். வார்னர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. நீ வீட்டில் உட்கார்ந்த காலம் கிட்டத்தட்ட ஆறு மாதம், அதைக் கழித்துவிட்டுப் போ என்றது.

இதே வார்னரோடு மோதி மண்ணைக் கவ்வியவர் நடிகை பெட்டி டேவிஸ். அவர் கதையைத் தனியாகப் பார்த்திருக்கிறோம். 1936-இல் இங்கிலாந்துக்குப் போய் வேறு படத்தில் நடிக்கப் பார்த்தார். வார்னர் லண்டன் வரை துரத்திப்போய்த் தடையுத்தரவு வாங்கியது. பெட்டி டேவிஸே தோற்ற இடத்தில் சாதுவான மெலனி என்ன கிழித்துவிடுவாள் என்று ஹாலிவுட் நினைத்ததில் தப்பில்லை.

ஒலிவியாவுக்கு வாய்த்த வக்கீல் மார்ட்டின் காங். ஒப்பந்தம் நியாயமா அநியாயமா என்ற வாதத்துக்குள் அவர் தலையை விடவே இல்லை. சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிரிவைத் தட்டி எழுப்பினார். கலிபோர்னியா தொழிலாளர் சட்டம், பிரிவு 2855. ஒருவர் தன் உழைப்பைத் தருவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு மேல் அவர்மீது அமல்படுத்த முடியாது. அவ்வளவுதான் சாரம். இதற்கும் சினிமாவுக்கும் பிறப்பிலேயே உறவு கிடையாது. சட்டத்தின் வேர் 1872-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் இருக்கிறது. சினிமா பிறப்பதற்கு முந்தைய காலம். அப்போது வரம்பு இரண்டே ஆண்டு. 1931-இல்தான் ஏழாக்கினார்கள். ஒருவரை ஒரு தாளைக் காட்டி ஆயுள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது என்பது நோக்கம்.

1943 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏழு ஆண்டு என்றால் எந்த ஏழு ஆண்டு? உண்மையில் வேலை பார்த்த நாட்களைக் கூட்டினால் வரும் ஏழு ஆண்டு என்றது வார்னர். சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர்படி ஏழு ஆண்டு என்றார் காங். நடிகை தானே ஷூட்டிங் வராமல் இருந்துவிட்டு அந்த நாளையும் கணக்கில் சேர்க்கச் சொல்வது நியாயமா என்று ஸ்டூடியோ கேட்டது. கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது, இல்லையா? எனக்கும் பட்டது.

கீழ்க் கோர்ட்டில் ஒலிவியா ஜெயித்தார். வார்னர் மேல்முறையீட்டுக்குப் போனது. கூடவே ஊரில் உள்ள மற்ற ஸ்டூடியோக்களுக்கு எல்லாம் கடுதாசி. வழக்கு நிலுவையில் இருக்கிறது, அவளை வைத்துப் படம் எடுத்தால் உங்களையும் இழுப்போம் என்று எச்சரிக்கை. இரண்டு வருடத்துக்குப் பக்கமாக ஒலிவியாவுக்குப் படப்பிடிப்பே இல்லை. 27, 28 வயது. ஒரு நடிகைக்கு இதைவிடப் பொன்னான வயது எது? வழக்குச் செலவு வேறு. அந்தக் காலத்தை அவர் அழுது கழிக்கவில்லை. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள், பிறகு தென் பசிபிக் தீவுகள் என்று ராணுவ மருத்துவமனைகளில் அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். ஃபிஜியில் நிமோனியா வந்து தானும் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

1944 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஏழு ஆண்டு என்றால் காலண்டர் ஆண்டுதான் என்றது கோர்ட். என்னை எழுந்திருக்கவிடாமல் செய்தது அதன் அடுத்த பகுதி. நடிகைதான் நீட்டிப்புக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாரே, சட்டம் தந்த உரிமையை அவரே விட்டுக்கொடுத்துவிட்டாரே என்பது வார்னரின் கடைசி அஸ்திரம். கோர்ட் அதையும் முறித்துப் போட்டது. இது பொதுநலனுக்காக வந்த சட்டம், வேலைக்காரர் தானே விரும்பிக் கையெழுத்துப் போட்டாலும் அதைக் கைகழுவ முடியாது என்றது. ஏன் இது பெரிய விஷயம்? வேலை கொடுக்கிறவன் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லும் நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விட்டுக்கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தால் மறுநாளே எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி கூடியிருக்கும். சட்டம் செத்திருக்கும்.

1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஜாக் வார்னருக்கு வேறு கதவு இல்லை. அந்தப் பிரிவுக்கு இன்றுவரை 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றுதான் பெயர். 2008-இல் பாடகரும் நடிகருமான ஜாரெட் லெட்டோவின் இசைக்குழுமீது ஈ.எம்.ஐ. இசைக் கம்பெனி 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோது, குழுவினர் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான். கடைசியில் சமரசமாகி அதே கம்பெனியோடு புது ஒப்பந்தம் போட்டது தனிக் கூத்து. லெட்டோ பின்னாளில் பாரிஸுக்குப் போய் ஒலிவியாவிடம் நேரிலேயே நன்றி சொன்னார்.

ஆஸ்கருக்கு வருகிறேன், இடம் குறைகிறது.

ஒலிவியாவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது ஐந்து முறை. 'கான் வித் த விண்ட்', 'ஹோல்டு பேக் த டான்', 'டு ஈச் ஹிஸ் ஓன்', 'த ஸ்னேக் பிட்', 'தி ஏரெஸ்'. பட்டியலை ஸ்டூடியோ வாரியாகப் பாருங்கள். முதல் படம் செல்ஸ்னிக். இரண்டாவது பாரமவுண்ட். மூன்றாவது பாரமவுண்ட். நான்காவது ஃபாக்ஸ். ஐந்தாவது மறுபடி பாரமவுண்ட். ஒன்றுகூட வார்னர் படம் இல்லை! முதல் இரண்டிலும் நடித்தபோது அவர் வார்னர் சம்பளக்காரர்தான், ஆனால் இரவலாகப் போய் நடித்தவை. அதிலும் 'ஹோல்டு பேக் த டான்' படத்துக்கு அவரை அனுப்பியது ஒரு பண்டமாற்று. வார்னருக்கு 'டைவ் பாம்பர்' என்ற விமானப் படத்தில் நடிக்கப் பாரமவுண்டின் ஃபிரெட் மக்மரே தேவைப்பட்டார். அவரை வாங்கிக்கொண்டு இவரைக் கொடுத்தார்கள். தன் தோட்டத்து மரத்தின் காயைக் கடைசிவரை தான் ருசிபார்க்கத் தெரியாத முதலாளி என்றால் அது ஜாக் வார்னர்தான்.

அந்தப் பண்டமாற்றுப் படத்தை இயக்கியவர் மிச்சல் லெய்சன். எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் பிராக்கெட். விடுதலையான ஒலிவியா இதே இருவரோடு சேர்ந்து செய்ததுதான் 'டு ஈச் ஹிஸ் ஓன்'. திருமணமாகாமல் பெற்ற பிள்ளையை அடுத்தவர் வீட்டில் வளரவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய். சின்னப் பெண்ணிலிருந்து நடுத்தர வயதுவரை ஒரே படத்தில் வருகிறார். 1947 மார்ச் 13-ஆம் தேதி முதல் ஆஸ்கர். கதை கொஞ்சம் அழுவாச்சிதான். நடிப்பு அப்படி இல்லை.

'த ஸ்னேக் பிட்' மனநல மருத்துவமனை பற்றிய படம். அதற்காக ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் போய் நோயாளிகளையும் சிகிச்சைகளையும் பார்த்துவந்தார். ஐந்தில் சிறந்த நடிப்பு இதுதான் என்பது என் கட்சி. ஆஸ்கர் கிடைக்கவில்லை, வெனிஸ் விருது கிடைத்தது.

'தி ஏரெஸ்' வேறு ரகம். ஹென்றி ஜேம்ஸ் நாவலை வைத்து எழுதிய நாடகம் நியூயார்க்கில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இதை எடுக்கலாம் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் போய்ச் சொன்னவரே ஒலிவியாதான். கவனியுங்கள், கொடுத்த வேடத்தை வேண்டாமென்றால் தண்டனை வாங்கிக்கொண்டிருந்த பெண் இப்போது தன் வேடத்தைத் தானே தேடி எடுத்துவருகிறார். ஏழு வருடக் கணக்கின் லாபம் இதுதான்.

அதில் ஒரு காட்சி. பணக்கார டாக்டரின் மகள் காதரின், காதலனோடு ஓடிப்போகப் பெட்டியோடு இரவெல்லாம் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். வசனம் கிடையாது. வைலர் 'மறுபடி, மறுபடி' என்று எடுத்துக்கொண்டே இருந்தார். என்ன குறை என்றும் சொல்லமாட்டார், அது அவர் பழக்கம். கடைசியில் ஒலிவியா ஆத்திரத்தில் பெட்டியை விட்டெறிந்தார். எறிந்தபோதுதான் வைலருக்குப் பிடிபட்டது. பெட்டி காலி! கனமான சாமான்களை உள்ளே திணிக்கச் சொன்னார். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் தோள் ஒரு பக்கம் இறங்குவது தெரியும். முகத்தைவிட அந்தத் தோளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1950 மார்ச்சில் இரண்டாவது ஆஸ்கர்.

தங்கை ஜோன் ஃபான்டெய்ன் அடுத்த வாரம், கட்டாயமாக. 1947 ஆஸ்கர் இரவில் வாழ்த்துச் சொல்ல வந்த தங்கையை அக்கா கண்டுகொள்ளாமல் திரும்பிப்போன புகைப்படம், அக்காவின் கணவரைப் பற்றித் தங்கை அடித்த கிண்டல், 1965-இல் கான் விழா நடுவர் குழுவுக்கு ஒலிவியா முதல் பெண் தலைவரானது, தங்கையைப் பற்றித் தான் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினார்கள் என்று ஒரு டிவி தொடர்மீது 100 வயதில் ஒலிவியா போட்ட இன்னொரு வழக்கு எல்லாம் பாக்கி இருக்கின்றன. அந்த வழக்கில் தோற்றார் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அதற்குள் 'தி ஏரெஸ்' படத்தைப் பார்த்துவிடுங்கள். கடைசிக் காட்சியில் காதரின் செய்தது சரியா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. படம் பார்க்காதவர்களிடம் அதைச் சொல்லப்போவதில்லை.