பாலூட்டும் தாயும் மருந்தும்

நல்லம்பள்ளி வட்டாரத்து இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், பச்சை உடம்புக்காரிகளான தாய்மாரிடம் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: “காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருக்கிறேன், சாமி, அதனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை.” வேறு சிலரோ, பால் கெட்டுவிடுமென்று அஞ்சி, மருத்துவர் தந்த மருந்தைத் தொடாமலே வைத்துவிடுகின்றனர். இரண்டும் பிள்ளைப் பாசத்தால் விளைபவையே. ஆயினும் முன்னது குழந்தையின் உணவைப் பறிக்கிறது. பின்னது தாயின் நலத்தைக் கெடுக்கிறது.

தாய் உண்ணும் மருந்து அவளது இரத்தத்தில் கலந்து, அங்கிருந்தே பாலுக்குச் செல்கிறது. பெரும்பாலான மருந்துகளில் பாலை அடைவது மிகச் சிறு பங்கே. காய்ச்சலுக்கும் வலிக்கும் தரப்படும் பாராசிட்டமால், இபுப்ரோஃபன், தொற்றுக்குத் தரப்படும் அமாக்சிசிலின் ஆகியவற்றை உரிய அளவில் உட்கொள்ளும் தாய் பாலூட்டலாம் என்பதே மருத்துவர்களின் கருத்து.

நெடுநாள் நோயுற்ற தாய்மாருக்கு இவ்வறிவு இன்னும் இன்றியமையாதது. காசநோய்க்கு வழக்கமான முதல்நிலை மருந்துகளை உண்ணும் தாய், முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம். குழந்தைக்கு நோய்த்தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வலிப்பு நோயுள்ள தாய் மருந்தைத் திடீரென நிறுத்தினால், பிள்ளை மடியில் இருக்கும்போதே வலிப்பு வரக்கூடும். அதனால் வரும் கேடு, பாலில் கலக்கும் சிறிதளவு மருந்தினும் பெரிதன்றோ!

எனினும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீனும், வலி மாத்திரையான டிரமடாலும் பச்சிளங் குழந்தையை மிகுதியாக உறங்கச் செய்து, மூச்சையும் தளர்த்தக்கூடும். பாலூட்டும் தாய்மார் இவ்விரண்டையும் தவிர்க்குமாறு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ஆம் ஆண்டில் எச்சரித்தது. காய்ச்சலுக்கும் வலிக்கும் ஆஸ்பிரினை நாடாதிருத்தல் நலம். புற்றுநோய் மருந்துகளும் கதிரியக்க அயோடினும் பாலூட்டலை நிறுத்த வேண்டியவை. குறைமாதக் குழந்தைக்கும், பிறந்து இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும் மருந்தை வெளியேற்றும் ஆற்றல் குறைவாதலால், கவனம் இருமடங்கு தேவை.

எனவே, மருத்துவரிடம் நோயைச் சொல்வதற்கு முன்பே, “நான் பாலூட்டுகிறேன், குழந்தைக்கு இத்தனை மாதம்” என்று சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். நாட்டு மருந்தாயினும் கேட்டறிந்தே உண்ணுங்கள். வேரும் இலையும் என்பதாலேயே தீங்கற்றவை ஆகிவிடா. சில மருந்துகளைப் பாலூட்டியவுடன் உட்கொள்வது நல்லது. எவை என மருத்துவரே கூறுவார். குழந்தை வழக்கத்தினும் மிகுதியாக உறங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், மூச்சுவிடத் திணறினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சில நாள் பாலூட்டலை நிறுத்தும்படி மருத்துவர் சொன்னால், பாலைப் பீய்ச்சி அகற்றி வாருங்கள். இல்லையேல் பால் வற்றிப்போகும்.

ஐயம் எழுந்தால் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகலாம். 104 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

கணவன்மாரே, மாமியார்மாரே! “மருந்து சாப்பிட்டாயே, பாலை நிறுத்து” என்று சொல்வது எளிது. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே குழந்தையின் முழு உணவு என்பதை நினைவிற்கொண்டு, அத்தாயுடன் மருத்துவரிடம் சென்று ஒரு வார்த்தை கேட்டு வருவதே அவளுக்கும் பிள்ளைக்கும் நீங்கள் செய்யும் உதவி.