நடக்காமல் விரையும் இரும்பு இராட்சதன்

1979 இல் யப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மொபைல் சூட் கண்டாம்' தொலைக்காட்சித் தொடரில் 'டொம்' என்றொரு போர் றோபோ வருகிறது. வடிவமைத்தவர் குனியோ ஒகவாரா. கதையின்படி அதன் உயரம் 18.6 மீற்றர், வெற்று எடை 62.6 தொன்.

இத்தனை பெரிய உருவம் தரையில் விரைவது எப்படி? மனித உருவத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் பாதத்தின் பரப்பு 100 மடங்காகும். எடையோ 1,000 மடங்காகும். நிலத்தின் மீதான அழுத்தம் பத்து மடங்கு கூடும். ஈர மண்ணில் கால் புதையும். ஓடினால் ஒவ்வோர் அடியும் உள்ளே இருப்பவரை உலுக்கும்.

இதற்கான விடைதான் டொம்மின் கீழ்நோக்கி விரிந்த தடித்த கால்கள். அவற்றிலுள்ள தாரை இயந்திரங்களால் அது நிலத்தை ஒட்டி மிதந்து வழுக்கிச் செல்கிறது. கற்பனை அணு இயந்திரம் அதற்குச் சக்தி தருகிறது. நிஜத்தில் இந்த எடையை மிதக்க வைத்தால் எரிபொருள் விரைவில் தீரும். அதனால்தான் டாங்கிகள் எடையைப் பரப்பும் சங்கிலிப் பட்டைகளில் ஓடுகின்றன.

தொடரின் நாயகன் அமுரோ, குடியிருப்பு தாக்கப்பட்டதால் போருக்குள் இழுபட்ட சிறுவன். அவன் ஏறிய கப்பலில் அகதிகளும் இருந்தனர். எடைக்கும் வேகத்துக்கும் வடிவமைப்பில் கணக்கு உண்டு. அந்த இயந்திரம் கடக்கும் நிலத்தில் வாழ்பவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களையும் காட்டியதே இத்தொடரின் பலம்.