உதிரி சிகரெட்

உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப் புகையிலை பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “சிகரெட்டை விட்டுட்டீங்களே சார்?” என்று கேட்டார் ஒரு தலைமையாசிரியர். விடவில்லை ஐயா, அதற்குத்தான் வருகிறேன்.

கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. காலை எட்டரை மணி. பையன் சில்லறையை நீட்டுகிறான், வாய் திறப்பதில்லை. கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவித் தருகிறார். கம்பத்தில் நூல் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்து, பாதி இழுத்துவிட்டு மீதியை நண்பனிடம் கொடுக்கிறான். ஒரு புதினா மிட்டாய். அதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் அந்தப் பெட்டி கடைக்காரரின் அலமாரியைவிட்டு நகரவே இல்லை. 2016 முதல் பெட்டியில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. 2018 செப்டம்பர் முதல், விட நினைப்பவர்கள் அழைக்க ஒரு போன் நம்பரும் இருக்கிறது. உதிரியாக வாங்குகிற பையன் இரண்டையும் பார்ப்பதில்லை. தினமும் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவர்தான். அவரோ பீடிகூடப் பிடிக்காதவர்!

மகாராஷ்டிரா 2020-இல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் சொல்கிறது. அந்தக் கெஜத்தை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், இரண்டாம் ஆண்டு மாணவன், விட்டுவிட்டான். டீயை விடவில்லை; லைட்டர் தொங்காத கடையாகப் பார்த்து மாறிக்கொண்டான். முதல் மூன்று நாள்தான் பெரும்பாடு. தூக்கம் வராது, எரிந்து விழுவான், புத்தகத்தில் மனம் நிற்காது. இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்ப் பழகிய நிக்கோடின் திடீரென்று நின்றால் உடம்பு அப்படித்தான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். தண்ணீர் குடித்து, நாலு தெரு நடந்து அந்த நிமிடங்களை அவன் ஓட்டினான். மூன்று, நான்கு வாரங்களில் தவிப்பு வெகுவாகக் குறைந்தது. நடுவில் தேர்வுக் காலத்தில் ஒருநாள் ஒன்றைப் பற்றவைத்துவிட்டான். மறுநாளே மறுபடி நிறுத்தினான்.

வீட்டில் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வாயை முகர்ந்து பார்ப்பது, சாமி படத்தின் முன் சத்தியம் வாங்குவது. இதில் பிள்ளை கற்றுக்கொள்வது பொய் சொல்லத்தான். இந்தப் பையனின் அம்மா எதுவும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் அவன் எரிந்து விழுந்தபோதெல்லாம் சும்மா இருந்தார்.

உங்கள் வீட்டுப் பையன் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டான். அதில் உள்ள நம்பரை நீங்களே அவன் போனில் போட்டுக் கொடுங்கள்: 1800 11 2356. காசு கிடையாது.

(தொடரும்)