டிவிக்குப் பின்னால் எந்த ஒயர் எங்கே?

டிவியைச் சுவரில் மாட்டிக் கொடுப்பவர் பின்பக்கத்தில் என்னென்ன போர்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. புதிதாக ஒரு சவுண்டுபாரோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ வாங்கி வந்த பிறகுதான் டார்ச் அடித்துத் தேடுகிறோம். அப்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்: படமும் ஒலியும் எங்கிருந்து கிளம்பி எங்கே போகின்றன? கிளம்பும் இடம் ‘அவுட்’, சேரும் இடம் ‘இன்’. செட்டாப் பாக்ஸின் அவுட்டில் ஒரு முனை, டிவியின் இன்னில் மறுமுனை. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, ஒயர் செருகிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

முன்பு இதற்கு மூன்று நிற ஒயர் இருந்தது. மஞ்சளில் படம், வெள்ளையில் இடப்பக்க ஒலி, சிவப்பில் வலப்பக்க ஒலி. 2002 கடைசியில் வந்த எச்.டி.எம்.ஐ. இவை எல்லாவற்றையும் 19 பின் கொண்ட ஒரே ஒயரில் அடக்கிவிட்டது. எச்.டி. பாக்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு, பழைய மூன்று நிற ஒயரையே இன்னும் செருகி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 1080 வரிப் படம் அந்த மஞ்சள் ஒயரில் 576 வரியாகச் சுருங்கித்தான் வரும். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

சவுண்டுபாரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காரணம், இங்கே திசை தலைகீழ். ஒலி டிவியிலிருந்து வெளியே போக வேண்டும், ஆனால் டிவியில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் எல்லாம் ‘இன்’. இந்தச் சிக்கலுக்காக 2009இல் ‘ஏ.ஆர்.சி.’ என்ற வசதியைச் சேர்த்தார்கள். அதே ஒயரில் ஒலி மட்டும் திரும்பி வரும். பெரும்பாலும் ஒரே ஒரு போர்ட்டில்தான் இது இருக்கும். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று போட்டிருப்பார்கள். வேறு போர்ட்டில் செருகினால் சத்தமே வராது; சவுண்டுபார் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சரியான போர்ட்டில் செருகிய பின், டிவி செட்டிங்கில் ஒலி வெளியீட்டை ஏ.ஆர்.சி.க்கு மாற்றுங்கள். கூடவே சி.இ.சி. என்ற வசதியையும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் இதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க். இதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே சவுண்டுபாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். அப்படியும் சத்தம் வரவில்லை என்றால், டிஜிட்டல் ஒலி என்ற இடத்தில் ‘ஆட்டோ’வை ‘பி.சி.எம்.’ ஆக்கிப் பாருங்கள்.

ஏ.ஆர்.சி. இல்லாத டிவியா? ஆப்டிகல் ஒயர் போதும். ஒளியாக வருவதால் முனையில் சிவப்பாக மினுக்கும். முனையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். ஒயரை மடக்கவும் கூடாது. சிவப்பு, வெள்ளை ஓட்டை மட்டுமே உள்ள பழைய ஹோம் தியேட்டர் என்றால், டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து இழுத்துக்கொள்ளலாம்.

போனை ஒயரில் இணைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் சி-டைப் ஓட்டை இருக்கிறது, ஆனால் எல்லா ஓட்டையிலும் படம் வெளியே வராது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். உங்கள் மாடலில் ‘டிஸ்ப்ளே போர்ட்’ வசதி உண்டா என்று பார்த்துவிட்டு ஒயர் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரே வைஃபையில் போனையும் டிவியையும் சேர்த்து, காஸ்ட் செய்வதே வழி. லேப்டாப்பில் அந்தத் தொல்லை குறைவு. விண்டோஸ் என்றால் விண்டோஸ் பட்டனோடு ‘பி’யை அழுத்தி, வரும் பட்டியலில் ‘டூப்ளிகேட்’டைத் தேர்ந்தெடுத்தால் படம் டிவிக்குப் போகும். ஒலி மட்டும் லேப்டாப்பிலேயே நின்றுவிட்டால் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி டிவியைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்டிக் அடிக்கடி தானே அணைந்து எரிகிறது என்பது பொதுவான புகார். டிவியின் யு.எஸ்.பி.யிலிருந்து மின்சாரம் எடுத்தால் பல நேரம் போதாது. கூடவே கொடுத்த அடாப்டரைச் சுவர் ப்ளக்கில் போடுங்கள்.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். டிஜிட்டல் ஒயரில் தங்க முலாம் பூசினால் படத்தின் நிறம் கூடிவிடாது. ஒயர் தரமில்லை என்றால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் மின்னும், அல்லது திரை கறுத்துப் போகும், மங்கலாக வராது. 4கே படத்துக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று போட்ட இரண்டு மீட்டர் ஒயர் தாராளம். 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுபவருக்கு மட்டும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ தேவை.

பழைய குண்டு டிவியில் ஸ்டிக் செருக ஒரு கன்வர்ட்டர் பெட்டி கிடைக்கிறது. அதில் இரண்டு வகை: எச்.டி.எம்.ஐ.யை மூன்று நிறத்துக்கு மாற்றுவது ஒன்று (ஸ்டிக்குக்கு இதுதான் வேண்டும்), மூன்று நிறத்தை எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கடைக்குக் கிளம்புமுன் டிவியின் பின்பக்கத்தையும் இணைக்க வேண்டிய பொருளின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் கடைக்காரரிடம் காட்டுங்கள்.